கழன்றிருக்க வேண்டிய கேபிள்

படப்பிடிப்பில் எனக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதில் நான் இதுவரை ஜெயித்ததே இல்லை. "கேமரா டிபார்ட்மென்ட்" என்றால், "அப்ப நீதான் படம் புடிக்கிறியா?" என்று கண்ணை அகல விரிப்பார்கள். "இல்ல, கேமராவுக்குப் போற கேபிளெல்லாம் பாத்துக்கறேன்" என்றால் அந்தக் கண் அப்படியே சுருங்கிவிடும். "ஓ, வயர்மேனா?" என்று சொல்லிவிட்டு பிரியாணி பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

உண்மையில் விஷயம் ரொம்பச் சின்னதுதான். கேமராவுக்கு மின்சாரம் கொண்டுவர ஒரு கேபிள். கேமரா பார்ப்பதை டைரக்டர் முன்னால் இருக்கும் மானிட்டருக்குக் கொண்டுபோக இன்னொரு கேபிள். இரண்டும் கழலாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. முனையைச் செருகியதும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அது காதில் விழ வேண்டும். விழுந்த பிறகும் நம்பாமல் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கேபிளில் ஒரு சுற்று தளர்வாக விட்டு, கேமரா நிற்கும் ஸ்டாண்டின் காலில் ஒரு கட்டு. யார் தெரியாமல் மிதித்தாலும் அந்த இழுப்பு கட்டோடு நின்றுவிடும், முனைக்குப் போகாது. டேப் ஒட்டினால் நுனியை மடித்து ஒட்ட வேண்டும், உரிக்கும்போது நகம் தேட வேண்டியிருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் செய்ய வேண்டும். முப்பத்தொன்பது தடவை சரியாகச் செய்ததை எவனும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டான்.

கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. செங்கல்பட்டு பஜாரில் எங்கள் அத்தா கயிற்றுக்கடை வைத்திருந்தார். பஸ் கூரையில் ஏற்றும் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே போடுவேன். இரண்டு சுற்று, அதன்மேல் ஒரு குறுக்குச் சுற்று, நுனியை உள்ளே திணித்து ஒரு இறுக்கு. அவிழவே அவிழாது. யூனிட்டில் அதற்குப் 'பாய் முடிச்சு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "பாய் கட்டினாரா? அப்ப கத்தி எடுத்தா" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது மெடல் மாதிரி இருந்தது.

அந்தக் கிண்டலை ஆரம்பித்து வைத்தவன் என் நண்பன். அவன் ஃபோகஸ் பார்ப்பவன். நடிகர் ஒரு அடி முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் முகம் தெளிவாகத் தெரிவதற்கு லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அவன் வேலை. மற்றவர்கள் டேப் பிடித்து அளந்து, தரையில் குறி போட்டுக்கொண்டு செய்வார்கள். அவன் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "பதினோரடி, கூட ரெண்டு இன்ச்சு" என்பான். அளந்து பார்த்தால் பதினோரடி இரண்டு அங்குலம். வலது மணிக்கட்டை அவன் திருப்புவது வெளியே தெரியவே தெரியாது. ஒரு தாயார் தூங்குகிற குழந்தையின் கழுத்தை நேராக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக இருக்கும்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளடங்கிய ஒரு கிராமம் அவனுக்கு. வீட்டில் நிலமும் நான்கு மாடுகளும். அண்ணன் தம்பிகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட, இவன் மட்டும் கேமராவுக்கு வந்தான். நான் செங்கல்பட்டில் ரயில் ஏறி அவனுக்கு ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து வைப்பேன். அவன் ஏறியதும் நாஸ்தா டப்பாவைத் திறப்பான். ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. அவன் எனக்கு மச்சான், நானும் அவனுக்கு மச்சான்.

முதல் தப்பு எங்கள் ஊரிலேயே நடந்தது. செங்கல்பட்டு ஏரிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஒரு வெப் சீரிஸுக்குப் படம் பிடித்தோம். வயதான நடிகர் ஒருவர், செத்துப்போன மகனின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டே உடைந்து அழ வேண்டும். வசனம் கிடையாது. அவர் காலையிலிருந்து யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

நான் பேட்டரி கேபிளைச் செருகும்போது வீட்டிலிருந்து போன். சங்கரா மீன் வாங்கட்டுமா, வவ்வாலா என்று என் மனைவி கேட்கிறாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முனையைச் செருகினேன். 'க்ளிக்' கேட்டதா? கேட்கவில்லை. வவ்வால் என்றுதான் காதில் விழுந்தது. இரண்டு விரலால் இழுத்தும் பார்க்கவில்லை.

அந்த மனிதர் முதல் சட்டையை மடித்தார். இரண்டாவதை மடித்தார். மூன்றாவது சட்டையின் காலரில் அவர் விரல் நின்றபோது வீடே மூச்சை அடக்கியிருந்தது. அப்போது கேமரா செத்துப்போனது. அதுவரை பதிவாகியிருந்த ஃபைலும் திறக்கவில்லை. மறுபடி நடிக்கச் சொன்னார்கள். அவர் ஐந்து தடவை முயன்றார், வரவே இல்லை. கடைசியில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

"எவன்டா கனெக்ட் பண்ணது?" என்று டைரக்டர் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் நண்பன், "நாந்தான் சார் பாத்திருக்கணும். என் மேல தப்பு" என்றான்.

"பாக்க முடியலன்னா ஊர்லயே மாடு மேய்ச்சினு இருந்திருக்கலாம்ல?"

அவன் வீட்டில் மாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் சிரித்தார்கள். நான் குனிந்து முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

திரும்பும்போது அவனே என்னைத் தேற்றினான். "இன்னா மச்சான் மூஞ்ச தொங்கப் போட்டுகினு வர்ற? எங்க வூட்ல நெசமாவே மாடு கீது. எனக்கு மேய்க்கவும் தெரியும். அந்தாளு இன்னா பொய்யா சொல்லிட்டாரு?" என்று சொல்லிச் சிரித்தான். என் தப்புதான் என்று அப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிமேல் என் கேபிள் கழன்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். ரோஷம் இருந்த அளவுக்கு எனக்கு நேர்மை இல்லை.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. முனைமேல் ஒரு சுற்று டேப் போதும் என்றால் ஆறு சுற்று சுற்றினேன். ஒரு இடத்தில் கட்ட வேண்டியதை மூன்று இடத்தில் கட்டினேன். எல்லாம் பாய் முடிச்சு. ஒருநாள் அவசரமாக பேட்டரி மாற்ற வேண்டியிருந்தபோது என் நண்பன் முடிச்சோடு மல்லுக்கட்டி, பல்லால் கடித்து, கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பேஜாரு புடிச்சவனே, இது இன்னா கட்டு? எங்க வூட்ல மாடு கட்டினாகூட ஒரே இழுப்புல வர்ற மாரிதான் கட்டுவோம்."

"மாடு ஓடிப்போயிடாதா?"

"மாடு இழுத்தா வராது. மனுசன் வால புடிச்சி இழுத்தா வரும். கொட்டாய் பத்திகினா உக்காந்து முடிச்சி அவுத்துகினு இருப்பியா?" என்று சொல்லி, அதே கயிற்றில் கட்டிக் காட்டினான். ஒரு மடிப்பை வளையத்துக்குள் விட்டு, நுனியை வால் மாதிரி வெளியே தொங்கவிட்டான். கேபிள் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. வாலைத் தொட்டு இழுத்தான், பொலபொலவென்று வந்துவிட்டது.

"கேபிளு போனா வேற கேபிளு, மச்சான். அதுக்கு இத கொஞ்சம் லூசா போடு, எவனாவது தடுக்கினா அதுவா வந்துடணும்" என்றான்.

"அன்னிக்கு நீ வாங்கின திட்டு போதும்" என்றேன். அவனுக்காகவே இறுக்கிக் கட்டுகிற மாதிரி. அப்படித்தான் நான் நம்பவும் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து திருவிடந்தை தாண்டிக் கடற்கரையில் வேலை. அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கல் மேல் கதாநாயகி கடலைப் பார்த்து நடந்து போக வேண்டும். காலை பத்து மணி இருக்கும், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது, காற்றும் சும்மா இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஆள் இறங்குகிற அளவுக்குச் சந்து. கேபிளைத் தளர்வாக விட்டால் சந்துக்குள் போகிறது, அலை வந்து இழுக்கிறது. நான் யோசித்தேன். இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சேர்த்து, ஸ்டாண்டின் காலில் ஒரு முடிச்சு போட்டு, பத்தடி தள்ளி ஒரு கல் இடுக்கில் இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, அதில் இன்னொரு முடிச்சு போட்டேன். நடுவில் கேபிள் முழங்காலுக்குக் கீழே விறைப்பாக நின்றது.

என் நண்பன் வந்து பார்த்தான். "இன்னா மச்சான், கொடி கட்டி வெச்சிகீற? துணி காயப் போடப் போறியா?"

"கழலாது. அத மட்டும் பாரு."

"ஒரு பக்கமாவது வால வெச்சிக் கட்டேன்."

"உன் வேலய நீ பாரு" என்றேன்.

அவனிடம் நான் அந்த மாதிரி பேசியது அதுதான் முதல் தடவை.  அவன் தோளைக் குலுக்கிவிட்டு லென்ஸ் பக்கம் போய்விட்டான்.

மூன்றாவது டேக்கில் ஒரு பெரிய அலை வந்தது. கல்லில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பிக் கேமராமேல் விழப் பார்த்தது. "லென்ஸு! லென்ஸு!" என்று கேமராமேன் கத்தினார். லென்ஸை மூடும் துணி கம்பி இருந்த பக்கத்துப் பெட்டியில் கிடந்தது. என் நண்பன் துணியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தான். உப்புத்தண்ணீர் கண்ணில் அடித்திருக்க வேண்டும். அவன் கால் நேராக என் கொடியில் போய் மாட்டியது.

அது கழன்றிருந்தால் தடுமாறி இரண்டு எட்டு வைத்து நின்றிருப்பான். கழலவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். ஒரு நொடி விறைத்து நின்று அவனைத் தூக்கி முன்னால் வீசியது. கீழே போகும்போது வலது கையை ஊன்றினான். சத்தம் அலையையும் மீறிக் கேட்டது.

ஸ்டாண்டும் சாய்ந்தது. கேமராமேன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து லென்ஸைப் பிடித்தார்கள். எல்லோருடைய கண்ணும் கேமராமேல் இருந்தது. நானும் ஓடினேன். இடுப்புப் பையில் இருந்த பிளேடை எடுத்து ஸ்டாண்டின் காலில் இருந்த கயிற்றை அறுத்தேன். கம்பியில் இருந்ததையும் அறுத்தேன். துண்டுக் கயிற்றைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். பாய் முடிச்சு என்று பெயர் எழுதி ஒட்டின மாதிரி இரண்டு முடிச்சுகள், யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினேன். அதற்கு முன்னால் அவன் பக்கம் நான் திரும்பவே இல்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"எப்பிடிப்பா வுழுந்தான்?" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டார்.

"பாசி சார். வழுக்கிடுச்சி" என்றேன்.

என் மடியில் தலை வைத்திருந்தவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் கண்ணைத் திறக்கவில்லை.

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். நான் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஊர்க்கதை, யூனிட் கதை எல்லாம் பேசினேன். முடிச்சைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவனும் எடுக்கவில்லை. அவனுக்குத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

கட்டுப் பிரித்து நான்கு மாதம் கழித்து அவன் ஒருநாள் வேலைக்கு வந்தான். பார்க்கிறவர்களுக்குக் கை சாதாரணமாகத்தான் தெரிந்தது. சோறு அள்ளும், பைக் ஓட்டும். ஆனால் லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் சின்னதாகத் திக்கியது. மானிட்டரில் நடிகையின் முகம் ஒரு நொடி கலங்கி, பிறகு தெளிந்தது. அவன் கண் தூரத்தைச் சரியாகவே சொன்னது, கைதான் அங்கே போய்ச் சேரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனே கேமராமேனிடம் போய், "வேற யாரையாச்சும் வெச்சிக்கங்க சார்" என்றான். கேமராமேன் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் அவன் இடத்தில் நின்றேன். இன்றுவரை அங்கேதான் நிற்கிறேன். அவன் கண்ணால் அளந்ததை நான் டேப் பிடித்து அளக்கிறேன், அப்படியும் பத்துக்கு இரண்டு தப்பு. கேபிளை இப்போது வேறு ஆட்கள் கட்டுகிறார்கள். வால் வைத்த முடிச்சைத்தான் போட வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன், கட்டிக் காட்டியும் இருக்கிறேன். கேட்டால் அதைத்தான் இப்போது பாய் முடிச்சு என்கிறார்கள். மாடு கட்டுகிறவன் வீட்டு முடிச்சு அது, என் நண்பன் சொல்லிக் கொடுத்தது என்று நான் யாரையும் திருத்தவில்லை.

போன வருஷம் அவனைப் பார்க்க ஊரப்பாக்கம் போனேன். வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்டில் ஏணி போட்டு நின்றிருந்தான். இடது கையில் ட்ரில், வலது கை சுவரைப் பிடித்திருந்தது. வெள்ளை கேபிள் மாடிப்படி ஓரமாக நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. என்னைப் பார்த்ததும், "அடடே, சினிமாக்காரு! இரு, ஒரு ஸ்க்ரூதான்" என்று சிரித்தான். இறங்கி வந்து தோளில் கை போட்டான். டீக்கடைக்குப் போனோம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான், நானும் கேட்டேன். ஒரு மாடு மட்டும்தான் இப்போது இருக்கிறதாம், தம்பி பொண்டாட்டி பார்த்துக்கொள்கிறாளாம். நான் நிம்மதியாகிவிட்டேன். எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

அவன் கிளாஸை இடது கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சி மச்சான்" என்றான்.

"கேளு."

"கை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கல்லு மேல வேல, யாருக்கு வேணா ஆவும். முடிச்சி உன்துன்னு எனக்குத் தெரியாதா இன்னா? அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. பாசின்னு சொன்னியே, அதுகூட பரவால்ல. வேல போயிடும்னு பயந்துகினு சொல்லியிருப்ப." டீயை ஒரு வாய் குடித்தான். "ஆனா நான் கீழ கெடந்து உன்னத்தான் பாத்துகினு இருந்தேன். நீ ஓடியாந்த. என்னைத் தூக்கத்தான் வர்றன்னு இந்தக் கைய நீட்டினேன். நீ தாண்டிப் போயி கயித்த அறுத்த. அப்பறம் அந்தாண்ட போயி இன்னொண்ணையும் அறுத்த. அதுக்கப்பறமாத்தான் வந்த. ஏன் மச்சான்?"

இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரி எனக்கு இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயந்துவிட்டேன், உன்னைவிட அந்த முடிச்சுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, என்னை மன்னித்துவிடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளும் இல்லை.

"உன் காலு அதுல மாட்டிகினு இருந்துச்சிடா. அதான் மொதல்ல அறுத்தேன்" என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஓ, அப்பிடியா?" என்றான். "செரி வுடு. டீ ஆறிடப் போவுது."

கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டான். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதற்கப்புறம் நான் போன் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை.

அவன் கால் மாட்டியிருக்கவில்லை. விழுந்த வேகத்தில் செருப்பு மட்டும்தான் கேபிளுக்கு அந்தப் பக்கம் கிடந்தது, அவன் இந்தப் பக்கம் கிடந்தான். அது அவனுக்கும் தெரியும். அவன் இடது கையை என்னைப் பார்த்து நீட்டியதையும் நான் அன்றைக்கே பார்த்தேன்.